கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். நான் நியூ ஜெர்சியில் ஐடி வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் சென்னை. போன மாதம் பக்கத்து ஊரில் வயதான ஒருவர் இறந்தபின் அவர் வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்றார்கள். அங்கே ஃப்ரேம் போட்ட ஒரு பழைய பத்திரத்தை 140 டாலருக்கு வாங்கினேன். மேலே கழுகுப் படம், கீழே பீரங்கியும் கொடிகளும், இடது மேல் மூலையில் நீல முத்திரை. ஒருவரைத் தன்னார்வப் படையில் உதவி குவார்ட்டர்மாஸ்டராக (படைக்குச் சரக்கு வழங்கும் அதிகாரி), கேப்டன் அந்தஸ்தில் நியமிப்பதாக எழுதியிருக்கிறது. அடியில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்து, ஆனால் ரொம்ப வெளிறிவிட்டது, கோட்டில் லேசான நடுக்கமும் தெரிகிறது. ஆறு படம் அனுப்பியிருக்கிறேன். இன்னொரு கையெழுத்தை ஸ்டாண்டன் என்று படிக்க முடிகிறது. ஓரிடத்தில் பிப்ரவரி 19, 1863 என்றும் இன்னோரிடத்தில் மார்ச் 11, 1863 என்றும் இருப்பதால் போலியோ என்று சந்தேகம். ஃப்ரேம் கடைக்காரர் பிரித்துச் சமப்படுத்தி லேமினேட் செய்து தருகிறேன் என்கிறார். ஒரு வியாபாரி 900 டாலர் தருவதாகச் சொல்கிறார். அப்பாவோ, லிங்கன் கையெழுத்து என்றால் சென்னை வீட்டு ஹாலில் மாட்டலாம், கொண்டு வா என்கிறார். ஆள் போர்வீரர்கூட இல்லை, குடோனைப் பார்த்துக்கொண்டவர் போலிருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அதைச் சுவரிலிருந்து இறக்குங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஜன்னலுக்கு நேர் எதிரே, ஹீட்டருக்கு மேலே மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் பத்திரத்துக்கு வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது. வீட்டுக்கு நடுவில் இருக்கும் ஏதாவது அலமாரியில், எழுத்துப் பக்கம் மேலே பார்க்கும்படி படுக்க வைத்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போர்த்திவிடுங்கள். பரண் வேண்டாம், பேஸ்மென்ட் வேண்டாம், குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். ஃப்ரேமைத் திறக்காதீர்கள். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வலது கீழ் மூலையில் ஈரம் பட்டதுபோல் ஒரு கருந்திட்டு தெரிகிறது, அங்கே பத்திரம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் நல்லது, ஒட்டிப்போயிருந்தால் நீங்கள் கண்ணாடியைத் தூக்கும்போது மையும் கூடவே வந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஆறு படம் அனுப்பினீர்கள், அதில் நாலு படம் கையெழுத்து. எல்லோரும் இப்படித்தான் அனுப்புவார்கள். நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பெரிய மனிதர் கையெழுத்துள்ள பத்திரம் எது வந்தாலும் நான் கையெழுத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். காரணம் எளிது: ஏமாற்ற நினைக்கிறவன் கையெழுத்தைத்தான் மாதக்கணக்கில் எழுதிப் பழகுவான். மற்ற இடங்களில், அதாவது யாருமே கவனிக்காத குமாஸ்தா எழுத்திலும் ஓரத்துக் குறிப்பிலும் தேதியிலும்தான் அவன் சறுக்குவான். அதனால் உங்கள் பத்திரத்தில் கையெழுத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிப்போம்.

இதற்கு ஆங்கிலத்தில் கமிஷன் என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தரகுப் பணம் என்று அர்த்தமாகிவிட்டது, எனவே நியமன ஆணை என்றே எழுதுகிறேன். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது ஷரத்து, நாட்டின் அதிகாரிகள் எல்லோருக்கும் குடியரசுத் தலைவர்தான் நியமன ஆணை தர வேண்டும் என்கிறது. அதனால் கழுகும் பீரங்கியும் போட்ட அச்சுப் படிவங்கள் தயாராக இருக்கும். பெயரையும் பதவியையும் தேதியையும் குமாஸ்தா நிரப்புவார், அமைச்சரும் தலைவரும் ஒப்பம் போடுவார்கள். இதைக் காணும் அனைவருக்கும் என்று தொடங்கி, இன்னாருடைய தேசப்பற்று, வீரம், விசுவாசம், திறமை ஆகியவற்றின் மீது தனி நம்பிக்கை வைத்து, செனட் சபையின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்கிறேன் என்று போகும் வாசகம். இந்திய ராணுவத்தில் இன்றைக்கும் அதிகாரிகளுக்குக் குடியரசுத் தலைவர் பெயரில்தான் ஆணை வருகிறது, உங்கள் உறவில் ராணுவ அதிகாரி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள்.

உங்கள் ஆள் குடோன் பார்த்தவர் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இந்தப் பத்திரத்தை நான் நம்ப ஆரம்பித்ததே அதனால்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) சண்டை போட்ட தன்னார்வப் படைப்பிரிவுகளை மாநிலங்கள்தான் திரட்டின. அந்தப் பிரிவுகளில் கேப்டன், மேஜர், கர்னல் ஆணைகளை அந்தந்த மாநில ஆளுநர் கொடுத்தார். நியூ ஜெர்சி காலாட்படையின் ஏதோ ஒரு பிரிவுக்கு ஒருவரைக் கேப்டனாக நியமித்து லிங்கன் ஒப்பமிட்டதாக ஒரு பத்திரம் வந்திருந்தால் நான் உடனே புருவத்தை உயர்த்தியிருப்பேன். லிங்கன் ஒப்பமிட்டது நிரந்தரப் படையின் அதிகாரிகளுக்கு, ஜெனரல்களுக்கு, அப்புறம் குவார்ட்டர்மாஸ்டர், உணவு வழங்கல், சம்பளப் பட்டுவாடா மாதிரியான துறைகளின் அதிகாரிகளுக்கு. 1863 மே மாதத்தில் கறுப்பினப் படைகளுக்கென்று போர்த்துறையில் தனிப் பிரிவு தொடங்கியபின் அந்தப் படைகளின் அதிகாரிகளும் இந்த வழியில் வந்தார்கள். உதவி குவார்ட்டர்மாஸ்டர், கேப்டன் அந்தஸ்து, தன்னார்வப் படை என்பது குடியரசுத் தலைவரின் மேஜைக்கு வர வேண்டிய பத்திரம்தான். ஊர்பேர் தெரியாத ஒரு சரக்கு அதிகாரியின் பெயரில் போலி செய்ய மெனக்கெடுகிறவர்களும் குறைவு.

அடுத்தது ஸ்டாண்டன். எட்வின் ஸ்டாண்டன் போர்த்துறை அமைச்சராகப் பதவியேற்றது 1862 ஜனவரி 20. அதற்கு முன்னால் இருந்தவர் சைமன் கேமரன். 1861 தேதி போட்ட பத்திரத்தில் ஸ்டாண்டன் ஒப்பம் இருந்தால் கதை முடிந்தது. உங்களுடையது 1863, சரியாக இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. இடது பக்கம் முத்திரைக்குக் கீழே, பொடி எழுத்தில் பதிவுக் குறிப்பு ஒன்று ஓடுகிறது. அதன் முடிவில் லொரென்சோ தாமஸ் ஒப்பமிட்டிருக்கிறார், அட்ஜுடன்ட் ஜெனரல் என்று பதவி போட்டிருக்கிறது. படைகளின் ஆள் கணக்கு, நியமனம், ஆணைகள் எல்லாவற்றையும் பார்த்த அலுவலகம் அது. 1863 மார்ச் 25 அன்று ஸ்டாண்டன் அந்த தாமஸை மிசிசிப்பிப் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார், அங்கே கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கும் வேலைக்கு. அவர் போனபின் வாஷிங்டனில் அந்த அலுவலகத்தை நடத்தியவர் உதவி அட்ஜுடன்ட் ஜெனரல் டவுன்செண்ட், அதனால் பிறகு வந்த பத்திரங்களில் அவருடைய ஒப்பத்தைத்தான் அதிகம் பார்க்கலாம். உங்கள் பத்திரத்தின் தேதி மார்ச் 11, தாமஸ் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால். இது மட்டும் ஒரு நிரூபணம் ஆகிவிடாது, ஆனால் லிங்கன் கையெழுத்தை வரையத் தெரிந்த எத்தனை பேருக்கு தாமஸ் எந்த வாரத்தில் ஊரில் இருந்தார் என்று தெரிந்திருக்கும்?

இரண்டு தேதி இருப்பதற்கு வருவோம், பயப்பட ஒன்றும் இல்லை. பிப்ரவரி 19 என்பது அவருடைய பதவி மூப்பு கணக்கிடப்படும் நாள். மார்ச் 11 என்பது பத்திரத்தில் ஒப்பம் விழுந்த நாள். நடுவில் செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். அந்த வருடம் வழக்கமான கூட்டத்தொடர் மார்ச் 3-ஆம் தேதி முடிந்தது, அடுத்த நாளே செனட் தனியாகக் கூடி மார்ச் 14 வரை உட்கார்ந்தது. குவிந்து கிடந்த நியமனங்களை அந்த நாட்களில்தான் தீர்த்தார்கள். இரண்டும் ஒரே தேதியாக இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். நீங்களே சரிபார்க்கலாம்: செனட்டின் நிர்வாக நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1863 பிப்ரவரி, மார்ச் பக்கங்களில் உங்கள் கேப்டனின் பெயரைத் தேடுங்கள். பெயர்கள் நீள நீளப் பட்டியலாக வரும், குமாஸ்தாக்கள் பெயரை எழுத்துப் பிழையோடும் எழுதியிருப்பார்கள், அதனால் குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள், பொறுமை வேண்டும்.

அப்புறம் அடியில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு வரி உண்டு, அமெரிக்கச் சுதந்திரத்தின் எத்தனையாவது வருடம் என்று. உங்கள் பத்திரத்தில் எண்பத்தேழாவது என்று குமாஸ்தா எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1776 ஜூலை 4-இல் முதல் வருடம் தொடங்குகிறது, 1862 ஜூலை 4-இல் 86 வருடம் முடிந்து 87-ஆவது தொடங்குகிறது, எனவே 1863 மார்ச் 87-ஆவது வருடத்துக்குள் விழுகிறது. இதே பத்திரம் ஆகஸ்டில் எழுதப்பட்டிருந்தால் 88 என்று இருக்க வேண்டும். அந்த நவம்பரில் கெட்டிஸ்பர்கில் லிங்கன் எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் என்று பேச்சைத் தொடங்கினாரே, அது முடிந்துபோன வருடங்களின் கணக்கு, அப்போது நடந்துகொண்டிருந்தது 88-ஆவது. பின்னாளில் உட்கார்ந்து போலி செய்கிறவன் 1863-இலிருந்து 1776-ஐக் கழித்து 87 என்று எழுதிவிட்டு, மாதத்தைக் கவனிக்காமல் விடுவான். மார்ச் மாதப் பத்திரத்தில் அந்தக் கணக்கும் தற்செயலாகச் சரியாகிவிடும் என்பதால் இது பெரிய சான்று அல்ல, ஆனாலும் சரியாக இருப்பது மனதுக்கு நிம்மதி.

சரி, இப்போது காகிதத்தை எடுத்துவிட்டுக் கையெழுத்தைப் பார்க்கலாம். ஆபிரகாம் லிங்கன் என்று முழுப் பெயரும் இருக்கிறது. கடிதங்களில் அவர் முதல் எழுத்தை மட்டும் போட்டு ஏ. லிங்கன் என்றுதான் எழுதுவார், இதுபோன்ற அரசு ஆணைகளில்தான் முழுப் பெயர். ஆபிரகாமைவிட லிங்கன் கொஞ்சம் மேலேறி நிற்கிறது, அதுவும் அவர் வழக்கம். உதவியாளர் யாராவது போட்டதாக இருக்குமோ என்று கேட்பீர்கள். நிலப் பட்டாக்களில் குடியரசுத் தலைவர் பெயரை உதவியாளர் போடலாம் என்று 1833-லிருந்தே சட்டம் இருந்தது, அதனால் லிங்கன் பெயருள்ள நிலப் பட்டாக்கள் அவர் கைபட்டவை அல்ல, அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. படை நியமன ஆணைகள் அப்படி இல்லை, அவரே உட்கார்ந்து போட்டவை. அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பல ஆணைகளில் கையெழுத்து முத்திரையைக் குத்தச் செய்தார், 1866 வாக்கில் தேதியுள்ள பத்திரம் வந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

கோட்டில் லேசான நடுக்கம் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். இது தோலில் எழுதிய பத்திரம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். தோல் பரப்பில் பேனா ஓடும்போது கோடு அங்கங்கே உடையும், அது நடுக்கம் அல்ல. உண்மையிலேயே கை நடுங்கியிருந்தாலும் அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 1863 புத்தாண்டு அன்று காலை முழுக்க மணிக்கணக்கில் விருந்தினர்களோடு கைகுலுக்கிவிட்டு வந்து அடிமை விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார், அன்றைக்கு அவர் கை நடுங்கியது பதிவாகியிருக்கிறது. அதே சமயம் ஜோசஃப் கோசி போன்ற கைதேர்ந்த போலிக்காரர்கள் 1930-களில் லிங்கன் எழுத்தை அச்சு அசலாக எழுதிக் குவித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆக, இதுவரை பார்த்த எல்லாம் உண்மை என்ற பக்கம்தான் சாய்கிறது. ஆனால் செல்போன் படத்தைப் பார்த்து இது அசல் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, அப்படி எழுதிக் கொடுக்கிறவர்களிடம் போகாதீர்கள்.

கண்ணாடிக்கு வெளியிலிருந்தே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். கழுகின் இறகுகளைப் பாருங்கள். செதுக்கிய தகட்டில் அச்சிட்டது என்றால் கோடுகள் கூர்மையாக, மை லேசாகப் புடைத்து நிற்கும். நினைவுப் பொருளாக விற்கும் நகல் என்றால் நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும், அல்லது அச்சு, குமாஸ்தா எழுத்து, கையெழுத்து மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே தட்டையாக இருக்கும். அசலில் மூன்றும் மூன்று விதமாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது படத்திலேயே அச்சு கன்னங்கரேல் என்றும், குமாஸ்தா எழுத்து காப்பிப் பழுப்பாகவும், லிங்கன் எழுத்து அதைவிட வெளிறியும் தெரிகிறது.

ஏன் வெளிறியது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃப்ரேம் கடைக்காரர் சொல்வதை நீங்கள் கேட்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது காகிதமே அல்ல. விலங்குத் தோல். கன்று அல்லது ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, முடியையும் சதையையும் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி விறைப்பாகக் காயவைத்துச் செய்வது. இதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் வெல்லம் என்று ஆகிவிடும், ஆகவே தோல்தாள் என்கிறேன். செருப்புத் தோல்போல இது பதனிடப்பட்டது அல்ல, அதனால் ஈரத்தையும் சூட்டையும் மறப்பதே இல்லை. நியூ ஜெர்சிக் கோடையில் ஈரத்தைக் குடித்து உப்பும், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் சுருங்கும். நூற்றி அறுபது வருடமாக இப்படி உப்பிச் சுருங்கித்தான் அந்த அலை அலையான வளைவு வந்திருக்கிறது. மை என்ன தெரியுமா? மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசின். முதல் இரண்டும் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றாண்டுக் கணக்கில் இதுதான் எழுத்து மை. எழுதும்போது வெளிறலாக இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, காலம் போகப் பழுப்பாகும். காகிதத்தில் உள்ளே இறங்கிக் கடித்துக்கொள்ளும், தோலிலோ பெரும்பாலும் மேலாகவே நிற்கும். வெயில் பட்டால் வெளிறும், தோல் உப்பிச் சுருங்கினால் பொடிப்பொடியாக உதிரும். யாரோ ஒரு குடும்பம் பல பத்தாண்டுகள் இதைப் பெருமையாக வெளிச்சத்தில் மாட்டி வைத்திருந்திருக்கிறது.

லேமினேஷன் பற்றிச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு வயதான அம்மா தன் கொள்ளுத் தாத்தாவின் நியமன ஆணையை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு ஃப்ரேம் கடையில், சுருக்கம் எடுத்துத் தருகிறோம் என்று சூட்டு அழுத்தியில் வைத்து அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். உறையிலிருந்து நான் எடுத்தது அரை அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்த ஒரு பொருள், பக்கங்கள் உள்ளே சுருண்டு, நடுவில் நகம்போல் மஞ்சளாகக் கண்ணாடித்தன்மையோடு இருந்தது, தட்டினால் டக் டக்கென்று சத்தம் வந்தது. எண்ணெயில் போட்ட அப்பளம் சட்டென்று சுருண்டுகொள்ளுமே, அதுபோல. கழுகின் ஒரு சிறகு மட்டும் தெரிந்தது, பெயர் இருந்த இடம் முழுக்க மடிந்து உருகிப் போயிருந்தது. தோல் ஒருமுறை அப்படிச் சுருங்கினால் மீட்க வழியே இல்லை. அந்த அம்மா மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு, பெயரையாவது படிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியவில்லை. அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், லேமினேஷன், இஸ்திரி, ஈரத்துணி, செல்லோ டேப், பசை எதுவும் இதன் பக்கத்தில்கூட வரக் கூடாது.

வெளிறிய கையெழுத்தைக் கறுப்பாக்கலாமா என்றால், கூடாது, யார் சொன்னாலும் கூடாது. பழைய நாளில் வெளிறிய கோட்டின்மேல் புது மையால் வரைவார்கள், லென்ஸில் பார்த்தால் கோட்டுக்குள் இன்னொரு கோடு தெரியும். பத்திரம் அசலாகவே இருந்தாலும் அதோடு அது கெட்டது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் லிங்கன் எழுதிய ஒரு மன்னிப்பு ஆணை இருக்கிறது. அவர் எழுதியது 1864 ஏப்ரல் 14. யாரோ 1864-இன் 4-ஐ 5 ஆக்கிவிட்டதால், சுடப்பட்ட அன்றைக்கு அவர் செய்த கடைசிக் கருணைச் செயல் என்று பல வருடம் அதைக் கொண்டாடினார்கள். தேதி திருத்தப்பட்டது என்று 2011-இல் காப்பகம் அறிவித்தது. கவனித்தவர் கண்ணில் முதலில் பட்டது, அந்த 5 மற்ற எழுத்துகளைவிடக் கறுப்பாக இருந்ததுதான். ஒற்றை இலக்கத்தில் பட்ட புது மையையே அங்கே எடுக்க முடியவில்லை. உங்கள் கையெழுத்து வெளிறி இருக்கட்டும். இந்த மை புற ஊதா ஒளியை உறிஞ்சும், அதனால் கண்ணுக்கு மங்கியது அந்த விளக்கின்கீழ் கறுப்பாக எழுந்து வரும். நிபுணர் அப்படிப் பார்த்து, படமும் எடுத்துத் தருவார். பிற்காலத்தில் யாராவது மேலே வரைந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நிபுணரை எங்கே தேடுவது? அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஃபார் கன்சர்வேஷன் என்ற அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். காகிதம், தோல்தாள் இரண்டிலும் அனுபவம் உள்ளவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிலடெல்பியா உங்களுக்குப் பக்கம்தான், அங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர் ஃப்ரேமைப் பிரித்து, பின்னாலிருக்கும் பழுப்பேறிய மர அட்டையை நீக்கி (அது அமிலம், தோலுக்கு விரோதி), மெல்ல மெல்ல ஈரக் காற்றில் தளர்த்தி, ஓரங்களை இழுத்துப் பிடித்து உலர்த்துவார். திரும்ப ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்கும் தோலுக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். சாதாரண அக்ரிலிக் தகடு போட்டால் அதன் நிலைமின்சாரம் உதிரும் மையை இழுத்துவிடும், அதையும் நினைவுபடுத்துங்கள். ஹாலில் மாட்ட ஆசை என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு அதை மாட்டுங்கள். மூன்றடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது.

அப்பாவுக்கும் அந்த நகலையே அனுப்புங்கள், அசல் சென்னைக்குப் போக வேண்டாம். அந்த ஈரக்காற்றில் தோல்தாள் ஒரு பருவமழைக்குள் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் விட்டு வைக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் பெரும்பாலான பொருட்களுக்கு நூறு வருடம், கையெழுத்துப் படிகளுக்கு எழுபத்தைந்து வருடம் என்று வயதைத்தான் பார்க்கிறது. உள்ளே போனபின் தனியார் அதைத் திரும்ப வெளியே எடுத்து வருவது பெரும்பாடாகிவிடலாம். நாளைக்கு விற்கவோ அருங்காட்சியகத்துக்குத் தரவோ நினைத்தாலும் இதற்கு இடம் அமெரிக்காதான்.

வைத்திருப்பது குற்றமாகுமா என்று பயப்பட வேண்டாம். இது அலுவலகக் கோப்பிலிருந்து போன தாள் அல்ல, அந்த அதிகாரியிடமே கொடுக்கப்பட்டது, அவர் குடும்பத்தின் சொத்தாக இருந்து கைமாறியது. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 900 டாலருக்குக் கொடுக்காதீர்கள். அசல் என்று உறுதியானால் லிங்கனின் படை நியமன ஆணைகள் சில ஆயிரம் டாலருக்குப் போகும், வெளிறிய கையெழுத்துக்குக் குறையும், முத்திரை முழுசாக இருந்தால் கூடும். அவசரப்படுத்துகிற வியாபாரியிடம், நிபுணர் பார்க்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் கேப்டன். அவர் குடோன் பார்த்தவர் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படையில் ஒரு குதிரைக்கு ஒரு நாள் கணக்கு 14 பவுண்டு வைக்கோல், 12 பவுண்டு தானியம். ஆயிரம் குதிரை என்றால் தினமும் கிட்டத்தட்ட பன்னிரண்டு டன் தீவனம், மழையோ பனியோ, பாலம் உடைந்ததோ இல்லையோ, போய்ச் சேர வேண்டும். துணிமணி, செருப்பு, கூடாரம், வண்டி, கோவேறு கழுதை, லாடம் எல்லாம் குவார்ட்டர்மாஸ்டர் பொறுப்பு. கணக்கில் குறைந்தால் அவர் சொந்தப் பொறுப்பு, அதற்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்திருப்பார். செத்தவர்களைப் புதைப்பதும், தலைமாட்டில் பெயர்ப் பலகை நடுவதும்கூட இந்தத் துறைதான் செய்தது. உதவி குவார்ட்டர்மாஸ்டராக இருந்த கேப்டன் ஜேம்ஸ் மூர் 1865 கோடையில், போரில் காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்த கிளாரா பார்ட்டனோடு ஜார்ஜியாவிலிருந்த ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்குப் போய், அங்கே மாண்டுபோன கிட்டத்தட்ட 13,000 கைதிகளின் கல்லறைகளுக்குப் பெயர்ப் பலகை நட்டார். டோரன்ஸ் ஆட்வாட்டர் என்ற இளம் கைதி இறந்தவர்களின் பட்டியலை ரகசியமாகப் படியெடுத்து வைத்திருந்ததால் அது முடிந்தது.

உங்கள் ஆளின் தோல்தாளில் மார்ச் 11 அன்று ஒப்பம் விழுந்தது, நாலு மாதத்துக்குள் கெட்டிஸ்பர்க் பெரும்போர். அப்போது அவர் எங்கே இருந்தார், எந்தப் படைக்கு வண்டி அனுப்பினார் என்பதெல்லாம் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில், அட்ஜுடன்ட் ஜெனரல் அலுவலகத்தின் ஆவணத் தொகுதி 94-இல் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஓய்வூதியம் கேட்டிருந்தால் அந்தக் கோப்பில் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், உடம்பில் என்ன உபாதை என்பதுவரை இருக்கும். பெயரும் பதவியும் தேதியும் உங்கள் கையில் இருப்பதால் எழுதிக் கேட்பது சுலபம், நீங்கள் கேட்டால் கடிதம் எழுத நானே உதவுகிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால், நாளைக்குக் காலையிலேயே, அந்த வீட்டுச் சாமான்களை விற்றவர்களுக்குப் போன் செய்யுங்கள். நியமன ஆணையை ஃப்ரேம் போட்டு வைத்த குடும்பம் கடிதங்களையும் கணக்குப் புத்தகங்களையும் ஒரு பெட்டியிலாவது போட்டு வைத்திருக்கும். விற்காத பழைய காகிதங்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, யாராவது வாங்கிப் போனார்களா, இல்லை குப்பைக்குப் போகக் காத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடாதீர்கள்.